லூசிலும் ஒன்பதாம் பிட்டும்

லூசில் பெல்மோரிடம் ஒரு கருவியைக் கொடுத்து, "சில சமயம் நல்லா இருக்கு, சில சமயம் மக்கர் பண்ணுது" என்று சொன்னால் போதும், அவள் முகம் மலர்ந்துவிடும். ஒரேயடியாகச் செத்துப்போன கருவியில் அவளுக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது. அதை யார் வேண்டுமானாலும் சரிசெய்துவிடலாம் என்பாள். வந்து வந்து மறையும் கோளாறு என்றால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவாள்.

நாற்காலி என்பது பேச்சுக்குச் சொன்னதல்ல. முப்பது வருடத்துக்கு மேல் அவள் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்த்தவள். ஒருமுறை மூன்றாம் மாடியில் ஒரு படுக்கைக்குப் பக்கத்தில் இருந்த இதயத்துடிப்புக் கருவி, காரணமே இல்லாமல் அலறிக்கொண்டிருந்தது. அவளோடு வேலை பார்த்த இருவர் ஆளுக்கொரு தடவை அதைப் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, 'கோளாறு எதுவும் காணப்படவில்லை' என்று சீட்டுக் கட்டித் திருப்பி அனுப்பினார்கள். லூசில் கருவியை எடுத்துப்போகவில்லை. தானே போய்ப் படுக்கை அருகில் உட்கார்ந்துவிட்டாள். படுத்திருந்த பெரியவர், காகித ஆலையில் வேலை பார்த்தவர், ஒரு கண்ணைத் திறந்து கேட்டார்.

"காவல் எனக்கா, அதுக்கா?"

"அதுக்குத்தான். நீங்க தூங்குங்க."

மதிய உணவுக்குப் பிறகு வராந்தாவில் தரை மெருகேற்றும் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. அதே நொடியில் கருவி அலறியது. லூசில் எழுந்துபோய் சுவரிலிருந்து அந்த மெருகு இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினாள். அலறல் நின்றது. பிளக்கைச் செருகினாள், மறுபடி அலறியது. பெரியவர் படுத்தபடியே கைதட்டினார்.

இப்படிப்பட்ட ஒருத்தி வேலையிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? கணவன் வெர்னன் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். வெர்னன், குளிருக்கு வீட்டைச் சூடேற்றும் எண்ணெயை வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றிய லாரி ஓட்டுநர், பேச்சுக்குப் பஞ்சமில்லை. "டோஸ்டரைப் பிரிச்சா. துணி காயவைக்கிற மெஷினைப் பிரிச்சா. அடுத்தது நான்தான்னு தெரிஞ்சுபோச்சு. அதான் கூட்டிட்டுப் போய் அந்தக் கிளப்புல விட்டுட்டேன்."

அந்தக் கிளப் ஃபிட்ச்பர்க் என்ற ஊரில், நாஷுவா ஆற்றை ஒட்டி, முன்பு நாற்காலி செய்துகொண்டிருந்த கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. பாஸ்டனைச் சுற்றியிருந்த கம்பெனிகள் ஒரு காலத்தில் பீரோ அளவில் கம்ப்யூட்டர் செய்து உலகமெங்கும் விற்றன. 'மினி' என்று அதற்குப் பெயர், அதற்கு முந்தியது ஓர் அறையையே அடைத்துக்கொண்டதால். அவற்றைச் செய்தவர்கள், விற்றவர்கள், அவற்றுக்குப் புரோகிராம் எழுதியவர்கள் பாதிப்பேர் இன்னும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். சனிக்கிழமை ஆனால் பழைய மினிகளுக்கு உயிர் கொடுக்க மாடி ஏறி வந்துவிடுவார்கள். பனி கொட்டும் நாளிலும் கையில் ஐஸ் காபி இருக்கும்.

சாவி மானி ஃபுர்ட்டாடோவிடம். அந்த நாளில் ஊர் ஊராகப் போய் மினிகளை நிறுவிக்கொடுத்தவர். குண்டு உடம்பு, மெதுவான பேச்சு. கிளப்பின் விதியை வகுத்ததும் அவர்தான். ஒரு மெஷினைக் கேட்டு வாங்குகிறவர் இரண்டாவது மே மாதக் கூட்டத்துக்குள் அதை ஓடவைக்க வேண்டும். 'ஓடுவது' என்றால், கூட்டத்தன்று காலையில் தொடங்கிய மெமரி சோதனை சாயங்காலம் வரை ஒரு பிழையும் இல்லாமல் ஓட வேண்டும். தவறினால் மெஷின் உதிரிபாக அலமாரிக்குப் போகும், மற்ற மெஷின்களுக்காவது உதவும். பிரிக்க வேண்டியவர், கேட்டு வாங்கியவரேதான்.

"அடுத்தவன் பிரிச்சா காலத்துக்கும் மனக்கசப்பு இருக்கும். தானே பிரிச்சா யாரைத் திட்டுறது?" என்பார் மானி. போன வருடம் ஒருவர் தன் மெஷினைத் தானே பிரித்துப் போர்டு போர்டாக அடுக்கிவிட்டுப் படி இறங்கினார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

லூசில் கேட்டு வாங்கியது அசாபெட் என்ற கம்பெனியின் மினி. கார்வர் பக்கத்துக் கிரேன்பெரி விவசாயிகள் சங்கத்தின் கிடங்கில், பழப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்றிருந்தது. அவள்தான் வெர்னனின் பழைய நண்பர்களைக் கூட்டிப்போய் ஏற்றி வந்தாள். மூடியைத் திறந்ததும் எல்லோர் கண்ணிலும் பட்டது ஒன்றே. போர்டுகள் வரிசையாகச் செருகியிருந்த சட்டத்தில், மெமரி போர்டு இருக்க வேண்டிய ஸ்லாட் காலி.

"திருட்டுப் பசங்க," என்றார் மானி. இந்தக் கூட்டத்தில் காலி ஸ்லாட்டைப் பார்த்தால் யாரும் வேறு மாதிரி நினைப்பதில்லை. மெமரி போர்டில் தங்க முலாம் பூசிய பற்கள் உண்டு. எத்தனையோ மெஷின்களில் அதைத்தான் முதலில் பிடுங்கி விற்றிருக்கிறார்கள். லூசில் குளிர்காலம் முழுக்கத் தேடி, நியூ ஹாம்ஷயரில் ஒரு ரேடியோ பிரியர்களின் சந்தையில் அசாபெட் மெமரி போர்டு ஒன்றைக் கண்டுபிடித்தாள். அறுபத்துநான்கு கே மெமரி, நான்கு வரிசைச் சிப்புகள், ஒரு கீறல் இல்லை. போர்டை மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்தாள்.

கிளப்பின் முறை எதையும் அவசரப்பட்டு ஓடவிடாது. முதலில் எல்லாப் போர்டையும் வெளியே எடுத்துவிட்டு, மின்சாரம் தரும் பகுதியைக் கார் விளக்குகளைச் சுமையாக வைத்துத் தனியாகச் சோதித்தார்கள். பிறகு போர்டுகளைக் கழுவி, காயவைத்து, லூசிலின் மெமரி போர்டையும் சேர்த்துச் செருகி, அதன்பின்தான் சுவிட்சைப் போட்டார்கள். தாளில் அடிக்கும் டெர்மினல் கடகடவென்று ஒரு வரி அடித்தது: *அசாபெட் 64*. மின்சாரம் வந்ததும் தன் பெயரையும் தன்னிடம் எவ்வளவு மெமரி இருக்கிறது என்பதையும் சொல்வது அதன் வழக்கம். மெமரியே இல்லாவிட்டால் பூஜ்யம் என்று அடிக்கும். அன்று எல்லோருக்கும் ஆப்பிள் டோனட் லூசில் செலவில்.

அரைமணி நேரம் கழித்து முதல் பிழை வந்தது.

மெமரியின் ஒவ்வொரு இடமும் பதினாறு விளக்குகள் கொண்ட ஒரு வரிசை என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு விளக்கும் ஒரு பிட். சோதனை எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்க்கும், எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுப் பார்க்கும். மெஷின் சூடானதும் ஒன்பதாம் பிட் மட்டும் அணைக்கச் சொன்னால் அணையாமல் நின்றது. எல்லா இடத்திலும் இல்லை, மெமரியின் முதல் கால் பகுதியில் மட்டும்.

முதல் கால் பகுதி என்றால் முதல் வரிசை, அதில் ஒன்பதாவது சிப். லூசில் அதைப் பற்றவைப்பிலிருந்து எடுத்துவிட்டுப் புதிது போட்டாள். பிழை போகவில்லை. மறுபடி வேறொன்று போட்டாள். பிறகு வரிசை முழுக்க மாற்றினாள். அதற்காக ஒரு குழாய் நிறையச் சிப் வாங்கி வைத்திருந்தாள். போர்டில் உறைபனித் தெளிப்பை அடித்துக் குளிரவைத்தாள். சந்தேகப்பட்ட சிப் குளிர்ந்தால் பிழை மறைய வேண்டும். மறையவில்லை. அடுத்து, தகவலைச் சேமிக்கும் தட்டு இயக்கியைக் கட்டுப்படுத்தும் கூடுதல் போர்டைக் கழற்றிவிட்டு ஓடவிட்டாள். ஒன்பதாம் பிட் அசையவில்லை. பிராசஸர் போர்டின் பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஸ்லாட்டின் உள்ளே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

இரண்டாவது வசந்தமும் வந்தது. சாலையோரப் பனி கரைந்து ஊரே சேறானது. மே மாதக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முந்தைய சனிக்கிழமையும் வந்துவிட்டது.

அசாபெட் பிரிக்கப்பட்டால் அதிகம் லாபம் டுவைட் ஹஸ்கின்ஸுக்கு. அவன் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் புரோகிராம் எழுதியவன், நெட்டை, கால்சட்டையைத் தூக்கிப் பிடிக்க எப்போதும் சிவப்புத் தோள்வார். ஜன்னலோரம் அவனுடைய சொந்த அசாபெட் நின்றது. அதற்கு மெமரி போர்டு இல்லை. ஒரு கல்லூரியிலிருந்து வந்தபோதே பாதிப் போர்டு காணாமல் போயிருந்தது. லூசிலின் போர்டுமேல் கண் இருப்பதை டுவைட் மறைக்கவும் இல்லை.

"லூசில், திருப்புளியை எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன். அடுத்த வாரம் உனக்கு வேணுமே."

"உன் நாக்குக்கும் கொஞ்சம் போட்டுக்கோ. ரொம்பக் கீச்சிடுது."

"கோளாறு போர்டுல இல்ல, மெஷின்ல இருக்கு. அந்த நல்ல போர்டை வீணா வேகவெச்சுட்டு இருக்கே. என்கிட்ட கொடுத்தா இன்னைக்கே ஓடும்."

"ஒன்பதாம் பிட் ஏன் அணையலன்னு சொல்லு. சொல்லிட்டு எடுத்துட்டுப் போ."

டுவைட்டுக்கும் தெரியாது.

அன்று மானி வந்தபோது கையில் ஓர் அட்டைப்பெட்டி. ஒஹாயோவில் ஒருவர் தன் ஓடும் அசாபெட்டிலிருந்து மெமரி போர்டைக் கழற்றி இரவல் அனுப்பியிருந்தார். நன்றாக இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த போர்டு. இதைப் போட்டும் பிழை வந்தால் கோளாறு வேறெங்கோ, வராவிட்டால் லூசிலின் போர்டில்.

"போடு, போடு," என்றான் டுவைட். "அஞ்சு நிமிஷ வேலை."

லூசில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். "இப்ப போடமாட்டேன்."

"ஏன்?"

"இந்த ஸ்லாட்டுல என்ன வோல்ட் வருதுன்னு போர்டு இருக்கும்போதுதான் அளந்திருக்கேன். காலியா இருக்கும்போது அளந்ததில்ல. சுமை இல்லாம அது எகிறுச்சுன்னா, சுவிட்சைப் போட்ட நொடியே இரவல் போர்டு போயிடும். இன்னொருத்தர் மெஷின்ல உயிரோட இருந்த போர்டு இது."

"ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் அளக்கப் போறாளாம்," என்றான் டுவைட் மானியிடம்.

"அவ அளக்கட்டும்," என்றார் மானி.

லூசில் தன் மெமரி போர்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். மீட்டரின் முனைகளைக் காலி ஸ்லாட்டுக்குள் பிடித்தபடி, "போடு" என்றாள். மானி சுவிட்சைத் தட்டினார். விசிறிகள் சுழன்றன. மீட்டரில் ஐந்து வோல்ட், ஆடாமல் அசையாமல். பன்னிரண்டும் சரி. ஸ்லாட்டில் ஒரு குற்றமும் இல்லை. அவள் பெருமூச்சு விட்டுக் கையை எடுப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் டெர்மினல் கடகடத்தது.

மூவரும் திரும்பினார்கள். தாளில் ஒரு வரி: *அசாபெட் 16*.

"யார் தொட்டது?" என்றார் மானி.

"யாரும் தொடல."

"மெமரி போர்டு எங்க?"

லூசில் மடியைக் காட்டினாள்.

டுவைட் குனிந்து தாளைப் படித்தான், நிமிர்ந்து காலி ஸ்லாட்டைப் பார்த்தான். "பூஜ்யம்னுதானே அடிக்கணும்? எதை எண்ணிப் பாத்துப் பதினாறுன்னு சொல்லுது?"

லூசில் சுவிட்சை அணைத்தாள், போட்டாள். *அசாபெட் 16*. மறுபடி அதையே செய்தாள். பதினாறுதான். அறுபத்துநான்கில் முதல் கால் பகுதி பதினாறு. பிழை வரும் பகுதியும் அதே.

அவள் தரையில் உட்கார்ந்து சட்டத்துக்குள் பார்த்தாள். தட்டுப் போர்டு ஏற்கெனவே வெளியே கிடந்தது. உள்ளே மீதி இருந்தது பிராசஸரும், கடைசி ஸ்லாட்டில் டெர்மினலோடு பேசும் போர்டும்தான். அந்த டெர்மினல் போர்டு அசாபெட் கம்பெனி செய்ததல்ல. விலாசம் தெரியாத ஏதோ சின்னக் கம்பெனியின் சரக்கு, கூடுதலாக எட்டு டெர்மினல் மாட்டுவதற்கு. அதன் ஓரத்தில் ஒரே மாதிரியான சிப்புகள் ஒரு வரிசை. அவற்றின் மேல் எண்ணுக்குப் பதில் கம்பெனியின் சொந்தக் குறியீடு. 'டெர்மினல்ல இருந்து வர்ற எழுத்தைத் தாங்கி வெச்சுக்கற சிப்' என்று டுவைட் முதல் நாளே சொல்லியிருந்தான். யாரும் மறுக்கவில்லை.

லூசில் விரலால் எண்ணினாள். பதினாறு சிப்.

"இதைக் கழற்றிட்டு எப்பவாவது சோதிச்சிருக்கோமா?" என்றாள்.

"அதை எப்படிக் கழற்றுறது? அது இல்லாட்டி மெஷினுக்கு வாயே கிடையாது. சோதனை பாஸா ஃபெயிலான்னு யாரு சொல்லுவா?" என்ற டுவைட் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

இத்தனை காலமாக எல்லாப் போர்டையும் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். முடிவை வந்து சொல்லும் போர்டை மட்டும் சந்தேகப்படவில்லை. அது எப்போதும் உள்ளேயே இருந்தது.

மானி மெல்லச் சொன்னார்: "கிரேன்பெரிக்காரங்க மெமரியும் டெர்மினலும் ஒரே போர்டுல வர்றதை மலிவா வாங்கியிருக்காங்க. அந்த ஸ்லாட்டுல யாரும் எதையும் திருடல. அங்க எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல."

"நாம கொண்டுபோய் இன்னொண்ணைச் சொருகினோம்," என்றாள் லூசில்.

ஒரே பெயரில் இரண்டு மாணவர் இருக்கும் வகுப்பு மாதிரி ஆகிவிட்டது. எழுதச் சொன்னால் இருவரும் எழுதுவார்கள். வாசிக்கச் சொன்னால் இருவரும் ஒரே குரலில் வாசிப்பார்கள். ஒன்றையே எழுதியிருப்பதால் வித்தியாசம் தெரியாது. சூடு ஏறி ஒருவன் ஓர் இடத்தில் தப்பாக வாசித்தால், ஆசிரியருக்குக் கேட்பது அந்தத் தப்புதான். லூசில் மாற்றி மாற்றிச் சிப் போட்டதெல்லாம் ஒழுங்காக வாசித்துக்கொண்டிருந்த பையனுக்கு.

"அப்பா!" என்று டுவைட் நாற்காலியில் சாய்ந்தான். "வந்த அன்னைக்கே சும்மா சுவிட்சைத் தட்டியிருந்தா இதுவே சொல்லியிருக்கும்."

"சும்மா தட்டுறது நம்ம பழக்கமில்லையே," என்றார் மானி வருத்தமாக.

லூசில் எழுந்தாள். "இது இன்னும் யூகம்தான். நிரூபிக்கணும். என் போர்டைத் திரும்பப் போடுறேன், டெர்மினல் போர்டைக் கழற்றுறேன். ஒன்பதாம் பிட் ஒழுங்கா இருக்கான்னு பாக்கணும்."

"வாய் இல்லாம?"

"வாய் இல்லாட்டி என்ன, முன்னால விளக்கு இருக்குல்ல? சுவிட்சும் இருக்கு. நீ சோதனையைச் சின்னதா எழுது. பிழை வந்தா மெஷின் நிக்கணும், வராட்டி ஓடிட்டே இருக்கணும். சுவிட்சு வழியா நான் உள்ள ஏத்துறேன்."

டுவைட் அவளை ஒரு கணம் பார்த்தான். அவள் தோற்றால் அவனுக்கு ஒரு மெமரி போர்டு. இருந்தும் தாளை இழுத்து எழுத ஆரம்பித்துவிட்டான். நல்ல புதிர் ஒன்று முன்னால் வந்தால் அவனுக்குப் பேராசைகூட மறந்துவிடும். பத்து நிமிடத்தில் முடித்தான். முதலில் எழுதியதை அடித்துவிட்டு இன்னும் சிறியதாக எழுதினான். "இதுக்கு மேல சுருக்க முடியாது. ஒரு சுவிட்சு தப்பினாலும் எனக்குப் பொறுப்பில்ல."

"படி. நான் போடுறேன்."

அவன் படித்தான், அவள் மெஷினின் முகப்பில் இருந்த சுவிட்சுகளை மேலும் கீழுமாகத் தள்ளினாள். பாதியில் டுவைட், "நிறுத்து, நாலாவது கீழ" என்றான். "மேலன்னுதான் படிச்சே." "படிச்சது தப்பு. கீழ." "இப்ப யாருக்குப் பொறுப்பு?" மானி சிரித்துக் காபியைச் சிந்தினார். ஏற்றி முடித்ததும் ஓடவிட்டாள். விளக்குகள் கலங்கிய தண்ணீர் போல் மினுங்கின. அரைமணி தாண்டியது. யாரும் சாப்பிடப் போகவில்லை. வெர்னன் அழைத்துப்போக வந்து, மூன்று பேர் ஒரு பீரோவைச் சுற்றி வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான்.

"யாராவது செத்துட்டாங்களா?"

"உஷ்," என்றாள் லூசில்.

"எவ்வளவு நேரம் ஆகும் லூ?"

"நீ வீட்டுக்குப் போ. போயிட்டு என் முடி உலர்த்தியை எடுத்துட்டு வா."

"தலைக்குக் குளிச்சியா என்ன, இங்க?"

"எடுத்துட்டு வா வெர்ன்."

அவன் போய் வரும் வரையிலும் விளக்குகள் நிற்கவில்லை. ஒன்பதாம் பிட் அணைக்கச் சொன்ன ஒவ்வொரு முறையும் அணைந்தது. லூசில் மெஷினை நிறுத்திவிட்டு டெர்மினல் போர்டை மறுபடி செருகினாள். சோதனையைத் தொடங்கி, அந்தச் சிப் வரிசைமேல் முடி உலர்த்தியைப் பிடித்தாள். கொஞ்ச நேரத்திலேயே டெர்மினலில் பிழை, பிழை, பிழை என்று வரி வரியாகக் கொட்டியது. வாழ்க்கையில் பிழையைப் பார்த்து அப்படிச் சிரித்த பெண்ணை வெர்னன் பார்த்ததில்லை. அவள் உறைபனித் தெளிப்பை எடுத்துச் சிப்புகளை ஒவ்வொன்றாகக் குளிரவைத்துக்கொண்டே போனாள். ஒன்றின் மேல் பட்டதும் கொட்டல் நின்றது.

"இவன்தான்," என்றாள்.

அந்த ஒரு சிப்பை எடுத்துவிட்டு, குழாயில் மிச்சமிருந்ததில் ஒன்றைப் போடுவது சின்ன வேலை. இரண்டும் ஒரே ரகமாக இருந்தது அதிர்ஷ்டம். பெரிய கேள்வி, எந்த மெமரியை வைத்துக்கொள்வது என்பது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. டெர்மினல் போர்டின் மெமரியை அணைக்கும் வழி யாருக்கும் தெரியவில்லை, அதைக் கழற்றினால் வாய் போகும். மூன்று நாள் யோசித்தாள். செவ்வாய்க்கிழமை மானியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கிரேன்பெரிக்காரங்க வருஷக்கணக்கா இந்தப் பதினாறுலதான ஓட்டியிருக்காங்க?"

"ஆமா."

"அப்ப இது குறையுள்ள மெஷினா வரல. முழுசாத்தான் வந்திருக்கு. என் போர்டு வெளியவே இருக்கட்டும்."

"இவ்வளவு தேடிக் கண்டுபிடிச்ச போர்டும்மா அது."

"தெரியும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கூட்டத்தன்று கதவு திறந்ததும் சோதனையைத் தொடங்கினாள். *அசாபெட் 16* என்று அடித்துவிட்டு மெஷின் வேலையில் இறங்கியது. கிளப்பில் எல்லோரும் வந்திருந்தார்கள். சிலர் தாளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மேசைமேல் யாரோ திருப்புளியை எடுத்து வைத்திருந்தார்கள், விதிப்படி. லூசில் அதைப் பார்த்தாள், இடத்தை மாற்றவில்லை.

மதியம் டுவைட் முடி உலர்த்தியோடு வந்தான்.

"வெயில் காலத்துல இந்த மாடி எப்படிக் கொதிக்கும்னு உனக்கே தெரியும். இன்னைக்குக் குளிரா இருக்கு. இப்ப பாஸ் ஆகி ஜூலையில படுத்தா என்ன பிரயோஜனம்? நியாயம்னா நியாயம்."

சுற்றி இருந்தவர்கள் அவனை முறைத்தார்கள். "விதியில அது இல்ல," என்றார் மானி.

"பிடிக்கட்டும்," என்றாள் லூசில். "நானே பிடிச்சிருப்பேன். இன்னும் கிட்டப் பிடி டுவைட், அங்க இருந்து காத்து வாங்குறதுக்கா வந்தே?"

அவன் கிட்டப் பிடித்தான். கை வலித்தபோது மாற்றிப் பிடித்தான். போர்டிலிருந்து சூடான தூசி வாசனை எழுந்தது. டெர்மினல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புள்ளி அடித்துக்கொண்டே போனது. புள்ளிகள் தாளின் கடைசிவரை போய், அடுத்த வரியில் தொடங்கி, அதுவும் நிறைந்தது. லூசில் ஒருமுறைகூட நாற்காலியை விட்டு எழவில்லை. வெர்னன் கொண்டுவந்த அவரைப் பொரியலும் தொத்திறைச்சியும் மடியில் ஆறிப்போயின.

சாயங்காலம் மானி தாளைக் கிழித்து எடுத்து, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். புள்ளிகளைத் தவிர ஒன்றுமில்லை.

"ஓடுது," என்றார். திருப்புளியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கைதட்டல் முடியும் முன்பே லூசில் தட்டு இயக்கியின் மூடியைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள். அதுவும் சரியில்லை என்று அவளுக்கு வெகுநாளாகச் சந்தேகம்.

டுவைட் பக்கத்தில் வந்து நின்றான். தோள்வாரை இழுத்து விட்டான், தொண்டையைக் கனைத்தான்.

"அந்த மெமரி போர்டு..." என்றான். "சும்மாதானே கிடக்கு."

"கிடக்கு."

"எனக்குக் கொடேன். கேக்கறதுக்கே வெக்கமாத்தான் இருக்கு. கேட்டுட்டேன்."

லூசில் கையைத் துடைத்தாள். "உன் மெஷின்ல அந்த ஸ்லாட் காலியா?"

"காலிதான். திருடிட்டாங்க."

"எப்படித் தெரியும்?"

டுவைட் திரும்பி ஜன்னலோரம் நின்ற தன் மெஷினைப் பார்த்தான்.

"வா," என்றாள். போர்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் நடந்தாள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். டுவைட் தன் மெஷினின் டெர்மினலை மாட்டினான், காலி ஸ்லாட்டை எல்லோருக்கும் தெரியும்படி விளக்கடித்துக் காட்டினான், சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு லூசிலைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

விசிறி சுழன்றது. டெர்மினல் தயங்கித் தயங்கி அடித்தது: *அசாபெட் 0*.

"பூஜ்யம்!" என்று கத்தினான் டுவைட். ஒரு மனிதன் ஒன்றுமில்லாததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டு அந்த மாடியில் யாரும் பார்த்ததில்லை. லூசில் மீட்டரை வைத்து ஸ்லாட்டை அளந்தாள். ஐந்து சரி, பன்னிரண்டு சரி. சுவிட்சை அணைக்கச் சொன்னாள். விசிறி முழுக்க நிற்கும் வரை காத்திருந்துவிட்டு, போர்டை அவன் கையில் கொடுத்தாள்.

"இப்பப் போடு," என்றாள்.